முகத்தில் ஏற்றிய கொழுப்பு அதிகமாகிவிட்டால் திரும்ப எடுக்க முடியுமா?

எட்டு மாதத்துக்கு முன் வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து இரண்டு கன்னங்களிலும் கண்களுக்குக் கீழும் ஏற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது கன்னங்கள் உப்பியிருக்கின்றன. இடது கண்ணுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தடிப்பு தெரிகிறது, சிரித்தால் அது இன்னும் துருத்துகிறது. ஏற்றிய மருத்துவர் பொறுத்திருக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால் கரையும் என்கிறார். மூன்றாமவர் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் என்கிறார். தெரிந்தவர்கள் உடம்பைக் குறைத்தால் முகமும் குறையும் என்கிறார்கள். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிக்கும் கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: பழைய முகம் திரும்பக் கிடைக்குமா?

நான் பிளாஸ்டிக் சர்ஜரி செய்பவன். மற்ற இடங்களில் செய்துகொண்டு வந்து சரிசெய்யக் கேட்பவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருக்கும் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது. வெளியில் யாரும் கவனிக்காத அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அச்சு அசலாகப் பழைய முகம் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். இன்னொன்று, உங்கள் கன்னமும் உங்கள் இடது கண்ணும் ஒரே பிரச்சினை போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒருவர் கன்னத்தை மனதில் வைத்துப் பேசியிருப்பார், இன்னொருவர் கண்ணை.

முதலில் ஏற்றிய கொழுப்புக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இது ஒன்றும் புதிய சிகிச்சை இல்லை. ஜெர்மனியில் குஸ்டாவ் நாய்பர் என்பவர் 1893-லேயே கையிலிருந்து சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து முகத்தில் பள்ளமாகிப்போன தழும்பை நிரப்பியிருக்கிறார். இன்று ஊசிக்குழாய் வழியாக ஏற்றுகிறோம், ஆனால் அடிப்படைச் சிக்கல் அன்றைக்கு இருந்ததுதான். உறிஞ்சி எடுத்த கொழுப்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. புதிய இடத்தில் இரத்தக் குழாய்கள் வளர்ந்து வரும்வரை சுற்றியுள்ள திசுவிலிருந்து கசிந்துவரும் சத்தை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். ஜப்பானில் யோஷிமுரா குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏற்றிய கொழுப்பு உருண்டையின் வெளி விளிம்பில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மெல்லிய அடுக்குதான் அப்படியே பிழைக்கிறது. அதற்கு உள்ளே இருக்கும் அடுக்கில் கொழுப்புச் செல்கள் செத்துப்போனாலும் ஸ்டெம் செல்கள் தப்பித்து, அடுத்த சுமார் மூன்று மாதத்தில் புதுச் செல்களை உருவாக்குகின்றன. நடுவில் இருப்பது செத்து, கரைந்து போகிறது, அல்லது எண்ணெய்க் குமிழாகவோ தழும்புத் திசுவாகவோ தங்கிவிடுகிறது.

அதனால்தான் கொழுப்பைத் துளித்துளியாக வைக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பாலபாடம். 1990-களில் இந்த முறையை ஒழுங்குபடுத்திய சிட்னி கோல்மன், முகத்தில் ஒரு முறை குழாயை இழுக்கும்போது 0.1 மில்லிக்கு மேல் விடக்கூடாது, இமைப் பகுதியில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்குதான் விட வேண்டும் என்று சொல்லிவந்தார். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லிய தோல். அதன் அடியில் ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தாலும் வெளியே தெரியும். கன்னத்தில் அதே சொட்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது. அப்புறம், ஏற்றியதில் எவ்வளவு நிலைக்கும் என்பதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு நிற்கும், இன்னொருவருக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிற்கும். எப்படியும் பாதி கரையும் என்று கணக்குப் போட்டுச் சிலர் கூடுதலாக ஏற்றுகிறார்கள். உங்கள் உடம்பு அதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டால் இப்படி உப்பிப்போகிறது. ஒரு விதத்தில், ஒட்டு, அதாவது ஏற்றிய கொழுப்பு, நன்றாகப் பிடித்ததுதான் இங்கே பிரச்சினை.

இனி, பொறுத்திருங்கள் என்ற அறிவுரை. அது தப்பான அறிவுரை இல்லை, காலாவதியான அறிவுரை. முதல் மூன்று மாதம் எதையும் தொடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீக்கமும் ஒட்டும் கலந்திருக்கும் அந்த நேரத்தில் எது தங்கும், எது கரையும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டாம் மாதத்தில் பயந்துபோய் எடுத்துவிட்டு, ஆறாம் மாதம் பள்ளம் விழுந்துவிட்டதே என்று மறுபடி நிரப்ப வந்தவர்கள் உண்டு. மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை மெல்லக் குறையும். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது உங்கள் இரத்தம் ஓடும் உங்கள் சொந்தக் கொழுப்பு. அது தானாகப் போகாது. எட்டாம் மாதத்தில் கன்னத்தின் அளவு அடுத்த நான்கு மாதத்தில் பெரிதாக மாறும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். கண்ணுக்குக் கீழே மட்டும் தழும்புத் திசு இளகுவதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் எடுக்கும். கட்டி மாதத்துக்கு மாதம் மிருதுவாகிக்கொண்டே வருகிறது என்றால் ஒரு வருடம்வரை காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. மூன்று மாதமாக அதே அளவு, அதே கெட்டி என்றால் காத்திருந்து பயனில்லை.

சரி, எப்படி எடுப்பது என்பதற்கு முன்னால், அங்கே இருப்பது என்ன என்று முடிவுசெய்ய வேண்டும். நீங்கள் பார்த்த மூன்று மருத்துவர்களும் இந்த இடத்தைத் தாண்டிவிட்டார்களோ என்பதுதான் என் கவலை. கண்ணுக்குக் கீழே தடிப்பு என்றால் அது உயிருள்ள கொழுப்பு அதிகமாக இருப்பதாக இருக்கலாம். எண்ணெய்க் குமிழாக இருக்கலாம். தழும்புத் திசு கெட்டிப்பட்டதாக இருக்கலாம், சில சமயம் அதில் சுண்ணாம்புச் சத்துகூடப் படிந்திருக்கும். முன்பு எப்போதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியில் போட்டுக்கொண்ட ஃபில்லர் மிச்சமாக இருக்கலாம். நிணநீர் சரியாக வடியாததால் வரும் நீர்க்கோப்பாக இருக்கலாம். சிகிச்சைக்கு முன்பே லேசாக இருந்த உங்கள் சொந்தக் கண்பை, சுற்றிலும் நிரம்பியதால் இப்போது எடுப்பாகத் தெரிவதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

நான் இதை எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். படுக்கவைத்துப் பார்க்கவே மாட்டேன். படுத்தால் முகத்தின் மேடு பள்ளமெல்லாம் சமமாகிவிடும். நேராக உட்காரவைத்து, விளக்கை மேலிருந்து விழவைத்து, மேலே பார்க்கச் சொல்வேன், கீழே பார்க்கச் சொல்வேன், சிரிக்கச் சொல்வேன், கண்ணை இறுக மூடச் சொல்வேன். மேலே பார்க்கும்போது வீக்கம் அதிகமாகித் துருத்தினால் கண்குழிக்குள் இருக்கும் சொந்தக் கொழுப்பின் மேல் சந்தேகம் வரும். சிரிக்கும்போது துருத்தினால், ஏற்றிய கொழுப்பு கண்ணைச் சுற்றியிருக்கும் வளையத் தசைக்குள்ளேயோ அதற்கு மேலேயோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். தசை சுருங்கும்போது அது கொழுப்பை முன்னால் தள்ளுகிறது. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது வகை போலத்தான் இருக்கிறது, ஆனால் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்புறம் விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பேன். தோலைக் கிள்ளித் தூக்கினால் கட்டி கூடவே வருகிறதா, எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்புகிறதா? குழி விழுந்தால் அது நீர். காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருந்தாலும் நீர்க்கோப்பின் பக்கம்தான் மனம் போகும்.

அதன்பிறகு அல்ட்ராசவுண்டு. தோலைப் பார்ப்பதற்கென்று இருக்கும் உயர் அதிர்வெண் கருவியில், முகத்தைப் பார்த்துப் பழகியவர் பார்க்க வேண்டும். கொழுப்பு எந்த அடுக்கில் இருக்கிறது, ஃபில்லர் கலந்திருக்கிறதா, எண்ணெய்க் குமிழ் இருக்கிறதா, அருகில் எந்த இரத்தக் குழாய் ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். ஊசியோ கத்தியோ எதுவானாலும் இதற்குப் பிறகுதான். நீங்கள் எப்போதாவது கண்ணுக்குக் கீழே ஃபில்லர் போட்டிருந்தால், பல வருடம் ஆகியிருந்தாலும், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஹையலூரானிக் அமில ஃபில்லர் ஒரு வருடத்தில் கரைந்துவிடும் என்று சொல்லித்தான் போடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே அது பல வருடம் தங்கிவிடுவதைப் பார்க்கிறோம். அது இருந்தால் ஹையலூரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம், விஷயம் பாதி முடிந்துவிடும். ஆனால் அந்த ஊசி கொழுப்பைக் கரைக்காது. ஃபில்லரையும் கொழுப்பையும் குழப்பிக்கொண்டு, கரைக்கும் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஏற்றிய கொழுப்பை அப்படிக் கரைக்கும் மருந்து எதுவும் இல்லை.

ஸ்டீராய்டு ஊசி பற்றி. ட்ரையம்சினோலோன் என்ற மருந்தை மிகவும் நீர்த்த அளவில், கட்டிக்குள் துளியாகப் போடுவார்கள். நாலைந்து வாரம் இடைவெளி விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி. தழும்புத் திசு கெட்டிப்பட்ட சிறு கட்டியாக இருந்தால், அதிலும் முதல் சில மாதங்களில், இது நன்றாகவே வேலை செய்யும். சிலர் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் 5-எஃப்.யு. என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்து ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கிறார்கள், அதுவும் தழும்புக் கட்டிக்குத்தான். நன்றாகப் பிடித்து உயிரோடு இருக்கும் கொழுப்பு மேட்டை இதனால் சீராகக் குறைக்க முடியும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டுக்கு எது உங்கள் கொழுப்பு, எது ஏற்றிய கொழுப்பு, எது தோல் என்று தெரியாது. எல்லாவற்றையும் மெலியவைக்கும். தோல் மெலிந்து, சிவப்பாக மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பித்து, அந்த இடம் வெளுத்து, பள்ளமாகிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓரளவு மீண்டுவரும், ஆனால் பல மாதம் ஆகும், எல்லோருக்கும் முழுதாக மீள்வதில்லை. கூடவே ஒரு அபூர்வமான, ஆனால் பயங்கரமான ஆபத்து இருக்கிறது: இந்த மருந்து துகள்களாக இருப்பது. கண்ணருகே அது இரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதனால் உங்கள் தடிப்புக்கு இதை முதல் தேர்வாக நான் வைக்க மாட்டேன். ஸ்கேனில் அது சிறிய, கெட்டியான தழும்புக் கட்டி என்று தெரிந்தால் மட்டும், மிகக் குறைந்த அளவில், ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

கொழுப்பைக் கரைக்கும் ஊசி என்று இன்னொன்றும் உங்கள் காதில் விழும். டீஆக்சிகோலிக் அமிலம். 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது, ஆனால் தாடைக்குக் கீழே இருக்கும் கொழுப்புக்கு மட்டும். இது செல்லின் சவ்வை உடைக்கும் மருந்து. கொழுப்புச் செல்லோடு நிற்காது, நரம்பில் பட்டால் வாய் ஒரு பக்கம் இழுக்கும், தோலுக்கு அருகில் போட்டால் புண்ணாகும். போட்ட இடம் சில நாள், சில வாரம்கூட வீங்கிக் கிடக்கும். கன்னத்தில் இதை முயன்று பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே இதைப் போட யாராவது முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கன்னத்துக்கு எனக்குத் தெரிந்து நம்பகமான வழி, கேனுலா என்ற மிக மெல்லிய, முனை மழுங்கிய குழாயால் கையாலேயே ஊசிக்குழாயில் உறிஞ்சி எடுப்பது. வயிற்றுக்குச் செய்யும் லைப்போசக்ஷனோடு இதை ஒப்பிடாதீர்கள். இங்கே குழாயின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், எடுப்பதும் பக்கத்துக்குச் சில மில்லிதான். மரத்துப்போகும் மருந்து கொடுத்து, வாய்க்குள்ளிருந்தோ காதுமடலுக்கு அருகிலிருந்தோ நுழைந்து, மேடாக இருக்கும் இடத்தை உட்கார்ந்த நிலையில் முன்பே வரைந்துவைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் மட்டும் எடுக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தே முகத்தை வீங்கச் செய்யும் என்பதால் எடுக்கும்போது கண் ஏமாற்றும். எவ்வளவு எடுத்தோம் என்று குழாயில் இருக்கும் அளவைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். இங்கே என் கொள்கை, போதும் என்று தோன்றும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவது. மிச்சமிருந்தால் நான்கைந்து மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்கலாம். அதிகமாக எடுத்துக் கரடுமுரடாகப் பள்ளம் விழுந்துவிட்டால், அதை நிரப்ப மறுபடி கொழுப்பு, மறுபடி காத்திருப்பு. அந்தச் சுழலுக்குள் நுழைந்தவர்கள் வெளியே வருவது கஷ்டம்.

இதற்கும் எல்லை உண்டு. உறிஞ்சும் குழாய் தளர்ந்த இடத்திலிருந்து முதலில் எடுக்கும். ஏற்றிய கொழுப்பைச் சுற்றித் தழும்பு இருந்தால், அதைச் சீண்டாமல் பக்கத்தில் இருக்கும் உங்கள் சொந்தக் கொழுப்பை எடுத்துவிட்டு வந்துவிடும். எலும்பை ஒட்டி ஆழமாக வைத்ததை எட்டுவதும் சிரமம், வழியில் முக நரம்பின் கிளைகள் இருக்கின்றன. இன்னொன்று, உப்பியிருந்த தோல் கொஞ்சம் விரிந்திருக்கும். இளம் வயதில் அது சுருங்கிக்கொள்ளும், வயது கூடியவர்களுக்கு எடுத்தபிறகு லேசாகத் தொங்கலாம். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை, அதனால் இந்த இடத்தில் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கண்ணுக்குக் கீழே இருப்பதை உறிஞ்சி எடுப்பது பெரும்பாலும் சரிவராது. அங்கே நேராகப் பார்த்து வெட்டி எடுப்பதுதான் ஒழுங்கான வழி. கொழுப்பு தசைக்குப் பின்னால் இருந்தால் இமையின் உட்புறத்திலிருந்து போகலாம், வெளியே தழும்பே இருக்காது. தசைக்குள்ளேயோ அதற்கு மேலேயோ இருந்தால் இமை முடிக்குக் கீழே முடியளவு கோட்டில் வெட்டிப் போவார்கள், அந்தத் தழும்பு சில மாதத்தில் தேடினால்தான் தெரியும். திறந்து பார்த்தால் கண்குழியின் சொந்தக் கொழுப்பு மிருதுவாக, பளபளப்பான மஞ்சளாக, தொட்டால் வழுக்கிக்கொண்டு இருக்கும். ஏற்றிய கொழுப்பு அதைவிட வெளிறி, சிறுசிறு மணிகளாகத் தசை நாரோடு பின்னிக்கொண்டு, கத்தரி படும்போது நறநறவென்று கெட்டியாக இருக்கும். அதைத் தசையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் வேலை. அவசரப்பட்டால் தசையும் சேர்ந்து வந்துவிடும். தசை பலவீனமானால் கீழிமை தொங்கும், கண் முழுசாக மூடாது, கண் வறளும். ஆகவே இதைச் செய்பவர் இமை அறுவையில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். கொழுப்பு ஏற்றுவதில் திறமைசாலியாக இருப்பது மட்டும் போதாது. இரண்டு வாரம் கன்றிப்போய் இருக்கும், இமை லேசாக இறுக்கமாக இருக்கும், உண்மையான பலன் மூன்று மாதத்துக்கு மேல்தான் தெரியும். முழுக்க எடுக்கவும் முயலக்கூடாது. நீங்கள் முதலில் எந்தப் பள்ளத்துக்காகப் போனீர்களோ அது அடியில் இன்னும் இருக்கிறது.

எண்ணெய்க் குமிழாக இருந்தால் வேலை சுலபம், ஊசியால் குத்தி உறிஞ்சினால் பெரும்பாலும் அடங்கும். திரும்பத் திரும்ப நிரம்பினாலோ சுவர் கெட்டிப்பட்டிருந்தாலோ வெட்டி எடுக்க வேண்டும். ரேடியோ அலை, அல்ட்ராசவுண்டு, லேசர் என்று கருவிகளால் உருக்குவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றால் முகக் கொழுப்பு குறையும் என்பது உண்மைதான், வேறு காரணத்துக்காக அந்தக் கருவிகளைப் பயன்படுத்தி வேண்டாத இடத்தில் கொழுப்பை இழந்தவர்களே அதற்குச் சாட்சி. ஏற்றிய கொழுப்பை மட்டும் குறிவைத்துக் குறைக்க முடியுமா என்பதற்குக் கையில் இருப்பவை சிறு அளவிலான அனுபவக் குறிப்புகள்தான். நான் அதை நம்பி உங்களை அனுப்ப மாட்டேன்.

உடம்பைக் குறைப்பது பற்றி. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்றிய கொழுப்பு, எடுத்த இடத்தின் குணத்தை மறப்பதில்லை. வயிற்றுக் கொழுப்பு முகத்துக்கு வந்தாலும், எடை கூடினால் அது வயிற்றில் எப்படிப் பெருகுமோ அப்படிப் பெருகப் பார்க்கும். சிகிச்சைக்குப் பிறகு உங்கள் எடை கூடியிருந்தால், பழைய எடைக்குத் திரும்புவதுதான் முதல் வைத்தியம், வேறு எதையும் அதன்பிறகு யோசிக்கலாம். எடை கூடவில்லை என்றால், முகத்துக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். நெற்றிப்பொட்டும் தாடை ஓரமும் ஒட்டிப்போய், தடிப்பு மட்டும் முன்னைவிட எடுப்பாகத் தெரியும். சரிசெய்யும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடை ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம், எடை குறைக்கும் ஊசி எடுத்துக்கொண்டிருந்தால் எடை ஒரே அளவில் நிலைத்த பிறகுதான் முகத்தைத் தொட வேண்டும்.

இன்னொரு யோசனையும் உங்களிடம் வைக்கப்படலாம்: தடிப்பைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நிரப்பிச் சமப்படுத்திவிடலாம் என்று. மேடு சிறியதாக இருந்து, சுற்றிலும் உண்மையாகவே பள்ளம் இருந்தால், கரைக்கக்கூடிய ஃபில்லரைத் துளி அளவில் போட்டு ஓரத்தை மழுப்புவது நியாயமான வழிதான், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம். ஏற்கெனவே கன்னம் உப்பியிருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. உறைய வைத்திருக்கும் பழைய கொழுப்பை எடுத்து ஏற்றுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். உறைந்து உருகிய கொழுப்பில் உயிர்ச் செல்கள் மிகக் குறைவு, புதிய கட்டிகளுக்கு அதுவே விதை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்திருங்கள் என்று நான் மேலே சொன்னதெல்லாம் வடிவம் பற்றிய பிரச்சினைக்கு. ஏற்றும்போதோ சிறிது நேரத்திலோ கண் மங்கினால், கடும் வலி வந்தால், தோல் வெளிறியோ வலைபோல் நீலம் பாரித்தோ போனால், பேச்சு குழறினால், கை கால் இழுத்தால் அது இரத்தக் குழாய் அடைப்பு. விழித்திரை இரத்தம் இல்லாமல் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்றுதான் கணக்கு, அந்த நொடியே கண் மருத்துவமும் பக்கவாத சிகிச்சையும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதேபோல், வாரங்கள் கழித்து ஒரு கட்டி சிவந்து, சூடாக, வலியோடு வந்தால், அதிலும் சீழ் கசிந்தால், ஸ்டீராய்டு போடவே கூடாது. சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் அடங்காத, காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியா கிருமிகள் இப்படித்தான் மெதுவாகத் தலைகாட்டும். சீழை எடுத்துக் கல்ச்சர் செய்து, அந்தக் கிருமியைத் தேடச் சொல்லி ஆய்வகத்துக்குக் குறிப்பெழுத வேண்டும். மருந்து பல மாதம் சாப்பிட வேண்டிவரும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்தது. தினமும் எத்தனை தடவை கண்ணாடி பார்க்கிறேன் என்று தெரியவில்லை, வெளியே போகவே பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முகம் மாறிப்போனால் வரும் துக்கம் நிஜமானது, அதை அழகு பற்றிய வீண் கவலை என்று யாரும் ஒதுக்கக்கூடாது. ஆனால் அந்த மனநிலையில் எடுக்கும் முடிவு அவசர முடிவாக இருக்கும், அவசரமாகச் செய்த திருத்தம்தான் இந்தத் துறையில் அதிகம் கெட்டுப்போகிறது. ஆகவே ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதை அறுவைச் சிகிச்சைக்கான தயாரிப்பின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பதில் படம் எடுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், கேமரா அதே தூரம், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் முக்கால் பக்கமாக ஒவ்வொன்று, சிரித்தபடி ஒன்று. மாதம் ஒரு தடவை போதும். செல்ஃபி வேண்டாம், மிக அருகில் வைத்து எடுத்தால் மூக்கும் கன்னமும் இருப்பதைவிடப் பெரிதாக விழும். சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய படங்களையும் தேடி எடுத்துவையுங்கள். உங்கள் முகம் முன்பே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததா என்பதை அவைதான் சொல்லும். பல சமயம் இருந்திருக்காது.

செய்தவரிடமே திரும்பப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு தடவை கட்டாயம் போங்கள், அவர்மேல் நம்பிக்கை குறைந்திருந்தாலும் சரி. அறுவைக் குறிப்பின் நகல் உங்களுக்கு வேண்டும். எந்த இடத்தில் எத்தனை மில்லி, எந்த ஆழத்தில், வலதுக்கும் இடதுக்கும் எவ்வளவு வித்தியாசம், கூடவே பி.ஆர்.பி. (உங்கள் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணுக்கள் நிறைந்த திரவம்) போன்ற வேறு எதையாவது கலந்தாரா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்து உங்களைத் தொடப்போகும் மருத்துவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி. குறிப்பைக் கொடுத்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, பொறுமையாகப் பேசுகிறவர் என்றால் கன்னத்தை அவரே திருத்துவதில் தவறில்லை. அன்றைக்கே ஒரு ஊசி போட்டு அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். குறிப்பே இல்லை என்றால் ஸ்கேன் அறிக்கையையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, இமை அறுவையை அன்றாடம் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜனிடமோ கண் பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போய், முதலில் இடது கண்ணை மட்டும் காட்டுங்கள். கன்னம் காத்திருக்கும். கண்ணைச் சரிசெய்து சில மாதம் ஆனபிறகு, கன்னத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற கணக்கே மாறிவிடுவதுண்டு.